டிவிஆரில் இருக்கும் 3 நாள் பதிவை லேப்டாப்பில் ஏற்றுவது எப்படி? பென்டிரைவ் கைகொடுக்கவில்லை

கிடங்கு_செல்வம்

கடைக்கும் கிடங்குக்கும் சேர்த்து 8 கேமரா. 8 சேனல் டிவிஆர் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி), உள்ளே 1 டிபி டிஸ்க். எல்லாம் 2 மெகாபிக்சல் கேமரா. என்கோட் (பதிவின் தரத்தை அமைக்கும்) பக்கத்தில் 2048 கேபிபிஎஸ் (நொடிக்கு 2048 கிலோபிட்), நொடிக்கு 15 ஃபிரேம், சிபிஆர் (மாறாத பிட் அளவு) என்று இருக்கிறது. பெட்டியின் மேல் கம்பெனி பெயர் எதுவும் இல்லை.

சரக்கு குறைந்திருப்பதால் போன வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் காலை 9 முதல் இரவு 9 வரை, கேமரா 3, 5 இரண்டின் பதிவும் வேண்டும். இன்று செவ்வாய். போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு காப்பி கேட்டிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்தது:
64 ஜிபி பென்டிரைவைச் செருகினால் டிவிஆர் கண்டுகொள்வதே இல்லை. பழைய 16 ஜிபி ஒன்று வேலை செய்தது, 3 மணி நேரப் பதிவு ஏறியது. ஆனால் ஃபைல் எல்லாம் டிஏவி என்று முடிகிறது, விண்டோஸ் பிளேயரில் திறக்கவில்லை. விஎல்சி பிளேயரில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது. பிரவுசரில் டிவிஆரின் ஐபியை (நெட்வொர்க் முகவரி) தட்டினால் பிளகின் (துணை மென்பொருள்) போடச் சொல்கிறது, போட்டாலும் திரும்பத் திரும்ப அதையே கேட்கிறது.

டிஸ்க்கைக் கழற்றி நேராக லேப்டாப்பில் மாட்டிவிடலாமா?

கோஆக்ஸ்

டிஸ்க்கைத் தொடாதீர்கள். அதை அப்புறம் பேசுவோம், முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். உங்களுக்குக் கெடு இருக்கிறது.

2048 கேபிபிஎஸ் என்றால் ஒரு கேமராவுக்கு மணிக்கு சுமார் 0.92 ஜிபி, ஒரு நாளைக்கு 22 ஜிபி. 8 கேமராவுக்கு நாளொன்றுக்கு 177 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஐந்தரை நாளைக்குச் சற்றுக் கூடத் தாங்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். வெள்ளிக்கிழமை காலை 9 மணிப் பதிவு புதன் நள்ளிரவு வாக்கில் அழிய ஆரம்பிக்கும்.

ஆகவே இப்போதே செய்ய வேண்டியது: மெனுவில் ரெக்கார்ட் பக்கத்துக்குப் போங்கள். ஆட்டோ, மேனுவல், ஸ்டாப் என்று மூன்று வரிசையும், ஒவ்வொன்றிலும் சேனலுக்கு ஒரு வட்டமும் இருக்கும். வேலை முடியும் வரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் கேமராக்களை ஸ்டாப் வரிசைக்கு மாற்றி அப்ளை கொடுங்கள். ஆறு கேமராவை நிறுத்தினால் டிஸ்க் நிரம்பும் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். மிச்சமிருக்கும் ஒரு நாள் நாலு நாளாக நீளும். டிஸ்க் நிரம்பினால் ஓவர்ரைட்டா ஸ்டாப்பா என்று கேட்கும் அமைப்பும் இருக்கும். அதை ஸ்டாப் என்று வைத்தால் பழையது பத்திரம், ஆனால் டிஸ்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அந்த நொடியிலிருந்து எந்தக் கேமராவும் பதியாது. திருட்டு நடந்த இடத்தில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பென்டிரைவ் விஷயம் எளிது. 64 ஜிபி பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் (ஃபைல்களை அடுக்கும் முறை) விற்பனைக்கு வருகின்றன. பல டிவிஆருக்கு ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட் மட்டுமே தெரியும். விண்டோஸின் ஃபார்மட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 காட்டாது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். ஆனால் அதைச் செய்தும் உங்களுக்குப் பயனில்லை. 2 கேமரா, 3 நாள், தினம் 12 மணி என்றால் 72 மணி நேரப் பதிவு, 66 ஜிபி. 64 ஜிபியில் மயிரிழையில் கொள்ளாது!

வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகிப் பார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: டிவிஆரின் யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு நின்றால் அது டிஸ்க்கின் கோளாறு இல்லை, மின்சாரம் போதவில்லை. தனி அடாப்டர் உள்ள டிஸ்க்காக இருக்க வேண்டும்.

லேன்வழி

டிஏவி ஃபைல் வருகிறது என்றாலே அது டாஹுவா கம்பெனி வழி வந்த பெட்டி. பெயர் ஒட்டாமலும் வேறு பெயர் ஒட்டியும் அந்த போர்டு ஏராளமாக விற்கிறது. இதற்கு லேன் (நெட்வொர்க்) கேபிள்தான் சரியான வழி.

ரௌட்டரில் டிவிஆர் ஏற்கெனவே இணைந்திருந்தால் லேப்டாப்பையும் கேபிளில் அதே ரௌட்டரில் செருகுங்கள். வைஃபையில் 66 ஜிபி இழுக்கப் போகாதீர்கள், நடுவில் அறுந்தால் அந்த ஃபைல் முழுவதும் மறுபடி. ரௌட்டர் இல்லை என்றால் டிவிஆரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரே கேபிள் போதும், கிராஸ் கேபிள் எல்லாம் இப்போது தேவையில்லை. டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபியைப் பாருங்கள். மாற்றாமல் விட்டிருந்தால் 192.168.1.108 ஆக இருக்கும். லேப்டாப்பின் ஈதர்நெட்டுக்குக் கையால் 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 கொடுங்கள், கேட்வே காலியாக இருக்கட்டும். நேர் கேபிளில் செய்யும்போது லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டு வைஃபையும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் விண்டோஸ் டிவிஆரை அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருக்கும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

டிவிஆரின் ஐபிக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பதில் வந்ததும் டாஹுவாவின் ஸ்மார்ட் பிஎஸ்எஸ் மென்பொருளை நிறுவி டிவிஆரைச் சேருங்கள். போர்ட் 80 இல்லை, 37777. யூசர், பாஸ்வேர்டு டிவிஆரில் போடுவதேதான். நாலைந்து முறை தப்பாகப் போட்டால் கணக்கு கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும், அப்புறம் சரியான பாஸ்வேர்டு போட்டாலும் உள்ளே விடாது, பொறுமையாகத் தட்டுங்கள். பிளேபேக் பக்கத்தில் கேமரா 3, 5, தேதி தேர்ந்தெடுத்துத் தேடினால் பட்டியல் வரும். ஸ்ட்ரீம் என்ற இடத்தில் மெயின் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சப் ஸ்ட்ரீம் இருந்தால் 352x288 படம் வரும், ஆள் தெரியும், முகம் தெரியாது. மொபைல் ஆப்பில் இறக்கும் படம் மங்கலாக இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஃபைலாக இறக்குவது, நேரத்தைக் கொடுத்து இறக்குவது என்று இரண்டு வழி இருக்கும். உங்களுக்கு நேர வழி. மூன்று நாளையும் ஒரே மூச்சில் கேட்காமல் ஒரு கேமராவுக்கு 2 மணி நேரத் துண்டுகளாகக் கேளுங்கள். ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும்.

வேகம்: 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் ஏட்டுக்கணக்கு நொடிக்கு 12.5 எம்.பி. நடப்பில் டிவிஆர் பதிந்துகொண்டே படிக்க வேண்டியிருப்பதால் பாதி வந்தாலே நல்லது. 6 எம்.பி. வந்தால் 66 ஜிபிக்கு 3 மணி நேரம். லேப்டாப் தூங்கிவிடாதபடி பவர் அமைப்பில் ஸ்லீப்பை நிறுத்தி வையுங்கள்.

பிரவுசர் வழியை மறந்துவிடுங்கள். பழைய ஃபர்ம்வேரின் (டிவிஆருக்குள் இருக்கும் மென்பொருள்) பிளகின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்காக (ஐஇ) எழுதியது. மைக்ரோசாஃப்ட் அதை 2022 ஜூன் 15 அன்று மூடிவிட்டது. எட்ஜில் ஐஇ மோடு போட்டால் சில சமயம் ஓடும், ஆனால் பெரிய பதிவை இறக்க அதை நம்ப முடியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஹிக்விஷன் என்றால் ஐவிஎம்எஸ்-4200, போர்ட் 8000. எக்ஸ்எம்ஐ ஆப்பில் ஓடும் மலிவுப் பெட்டி என்றால் சிஎம்எஸ், போர்ட் 34567. மற்றபடி முறை இதேதான்.

சாட்டா_சாமி

கழற்றி மாட்டினால் அரை மணியில் முடியும் வேலைக்கு ஏன் இவ்வளவு? யூஎஸ்பி சாட்டா கேபிள் 300 ரூபாய்.

கோஆக்ஸ்

@சாட்டா_சாமி, அந்த 300 ரூபாய் கேபிள் 5 வோல்ட்தான் தரும். லேப்டாப் டிஸ்க்குக்கு அது போதும். டிவிஆரில் இருப்பது 3.5 அங்குலம், அதற்கு 12 வோல்ட்டும் வேண்டும். சரி, அடாப்டரோடு வரும் கேபிளே வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸுக்கு அந்த டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் சிஸ்டம் புரியாது. டாஹுவாவும் ஹிக்விஷனும் தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கின்றன. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும் 'இனிஷியலைஸ் செய்யட்டுமா' என்று ஒரு பெட்டி வரும். பழக்க தோஷத்தில் ஓகே அழுத்தினால் டிஸ்க்கின் தலைப்பகுதியில் புதிதாக எழுதிவிடும். திரும்ப டிவிஆரில் மாட்டும்போது அது இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யச் சொல்லும். கடை டிவிஆர் உயிரோடு இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

பெட்டியே எரிந்துபோனால்தான் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். அப்போதும் முதல் முயற்சி அதே கம்பெனியின் அதே மாடல் பெட்டியில் மாட்டிப் பார்ப்பது. அங்கேயும் ஃபார்மட் கேட்டால் வேண்டாம் என்று வெளியே வந்துவிட வேண்டும்.

குறுக்குவெட்டு

டிஏவி ஃபைலை எப்படித் திறப்பது என்று யாரும் சொல்லவில்லையே.

டிஏவி என்பது உள்ளே சாதாரண எச்.264 அல்லது எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறைகள்) படம்தான், அதைச் சுற்றி கம்பெனியின் சொந்த உறை. உறை புரியாததால்தான் விஎல்சி கறுப்பாக நிற்கிறது. பார்க்க மட்டும் என்றால் அதே கம்பெனியின் ஸ்மார்ட் பிளேயர் போதும். விஎல்சியிலேயே பார்க்க வேண்டும் என்றால்: பிரிஃபரன்ஸஸ், கீழே ஷோ செட்டிங்ஸ் ஆல், இன்புட் கோடெக்ஸ், டீமக்ஸர்ஸ். அங்கே ஆட்டோமேட்டிக் என்று இருப்பதை எச்264 வீடியோ டீமக்ஸர் என்று மாற்றி சேவ். எச்.265 பதிவுக்கு எச்இவிசி டீமக்ஸர். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றாவிட்டால் வீட்டில் ஒரு சினிமா ஃபைலும் ஓடாது!

இந்த வழியில் ஓட்டினால் படம் விரைந்து ஓடும், வலிப்பு வந்தது போல எல்லோரும் நடப்பார்கள். காரணம், நேரக்குறிப்பெல்லாம் உறையில் இருக்கிறது. அதை உரித்ததும் விஎல்சி 25 ஃபிரேம் என்று தானாக வைத்துக்கொள்கிறது. உங்கள் பதிவு 15 ஃபிரேம். ஒரு மணி நேரம் 36 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகத்தை 0.6 என்று வைத்தால் சரியாகும்.

எம்பி4 வேண்டும் என்றால் ஸ்மார்ட் பிஎஸ்எஸ்ஸில் இறக்கும்போதே கேட்கலாம். எஃப்எஃப்எம்பெக் (கட்டளை தட்டி ஓட்டும் வீடியோ மென்பொருள்) தெரிந்தவர்கள் ஸ்ட்ரீம் காப்பி முறையில் உறையை மட்டும் மாற்றலாம். மறு என்கோடிங் இல்லாததால் தரம் குறையாது, ஒரு மணி நேரப் பதிவு ஒரு நிமிடத்துக்குள் முடியும். கேமராவில் மைக் இருந்தால் இங்கே ஒரு முள்: டிவிஆர் ஒலி பெரும்பாலும் ஜி.711 என்ற முறையில் இருக்கும், எம்பி4 உறை அதை ஏற்காமல் பிழை காட்டும். ஒலியை மட்டும் ஏஏசி ஆக மாற்றுங்கள், அல்லது எம்கேவி உறையில் போடுங்கள்.

எச்.265 பதிவு விண்டோஸ் பிளேயரில் ஒலி மட்டும் வந்து படம் வராவிட்டால் ஃபைல் கெடவில்லை, கோடெக் (சுருக்கிய படத்தை விரிக்கும் மென்பொருள்) இல்லை. விஎல்சியில் திறக்கும்.

கிடங்கு_செல்வம்

ஆறு சேனலையும் நிறுத்திவிட்டேன். வைஃபைதான் குறுக்கே நின்றது; அணைத்ததும் 37777-ல் உடனே சேர்ந்தது. நொடிக்கு 5 எம்.பி. வேகத்தில் இறங்குகிறது.

ஒரு சந்தேகம். பிளேபேக் பக்கத்தின் நேரப் பட்டையில் கேமரா 5-க்குச் சனிக்கிழமை பச்சைக் கோடு தொடர்ச்சியாக இல்லை. பகல் 1.10 முதல் 1.32 வரை காலி, அதற்கு அப்புறம் மஞ்சள் துண்டுகள்தான். யாராவது அழித்திருக்க முடியுமா? இன்னொன்று, டிவிஆர் கடிகாரம் 7 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஸ்டேஷனில் கொடுக்குமுன் சரி செய்துவிடட்டுமா?

லேன்வழி

இந்தப் பெட்டிகளில் பச்சை சாதாரணப் பதிவு, மஞ்சள் அசைவு கண்டதும் பதிந்தது. 1.32-க்குப் பிறகு அசைவுப் பதிவு மட்டும் ஓடியிருக்கிறது. அட்டவணைப் பக்கத்தில் சனிக்கிழமைக் கட்டத்தைத் திறந்து பாருங்கள், யாரோ மதியத்துக்கு மேல் அப்படி அமைத்திருக்கலாம். நடுவில் உள்ள 22 நிமிட ஓட்டைக்கு லாக் (டிவிஆர் தானாக எழுதும் நிகழ்வுக் குறிப்பு) பார்க்க வேண்டும். சிஸ்டம் லாக்கில் அந்த நேரம் வீடியோ லாஸ் என்று கேமரா 5-க்கு இருந்தால் கேபிளோ கேமராவின் 12 வோல்ட் சப்ளையோ போயிருக்கிறது. ரீபூட் என்று இருந்தால் மின்வெட்டு. அப்படியானால் எட்டு சேனலிலும் அதே ஓட்டை இருக்க வேண்டும், கேமரா 3-ஐ ஒப்பிட்டால் தெரிந்துவிடும். யார் உள்நுழைந்தார்கள், எந்த அமைப்பை மாற்றினார்கள் என்பதும் அதே லாக்கில் நேரத்தோடு இருக்கும். லாக்கையும் சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள்.

குறுக்குவெட்டு

கடிகாரத்தை இப்போது தொடவே தொடாதீர்கள். பின்னால் தள்ளினால் ஒரே 7 நிமிடம் இரண்டு முறை பதிவாகி, தேடும்போது குழப்பும். டிவிஆர் திரையில் ஓடும் நேரமும் போனில் ஓடும் நேரமும் ஒரே போட்டோவில் விழும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நொடி தெரிய வேண்டும். 7 நிமிட வித்தியாசத்தை எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுத்தால் போதும். எல்லாம் இறக்கி முடித்த பிறகு என்டிபி (இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் வசதி) போட்டு நேர மண்டலம் 5.30 என்று வையுங்கள். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி 2000-க்குப் போனால் உள்ளே இருக்கும் காசு பேட்டரியை மாற்ற வேண்டும், பெரும்பாலும் சிஆர்2032.

ஸ்டேஷனுக்குக் கொடுப்பது டிவிஆர் தந்த டிஏவி ஃபைலே, கூடவே ஸ்மார்ட் பிளேயரும். எம்பி4 என்பது பார்க்க வசதிக்கான இரண்டாவது காப்பி. 2024 ஜூலை 1 முதல் இதற்கு பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும் (முன்பு பழைய சட்டத்தில் 65பி என்று சொன்னது). அதில் பகுதி அ-வைச் சாதனம் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும், பகுதி ஆ நிபுணருக்கு. ஹாஷ் மதிப்பு (ஃபைலின் கைரேகை போன்ற எழுத்து வரிசை) கேட்கும் இடம் உண்டு. 7-ஜிப் நிறுவியிருந்தால் ஃபைலின் மேல் வலது கிளிக், சிஆர்சி ஷா, ஷா-256. 64 எழுத்து வரும். பென்டிரைவுக்கு ஏற்றிய பிறகு அங்கே இருக்கும் ஃபைலுக்கும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் காப்பி பாதியில் அறுந்திருக்கிறது. இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் இதுதான் நடக்கும்.

கோஆக்ஸ்

எல்லாம் இறங்கியதும் நிறுத்திய ஆறு சேனலையும் ஆட்டோவுக்குத் திருப்ப மறக்காதீர்கள்.