பாயிண்ட் 32 கைத்துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா வாங்குவது? வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்

கட்டபெட்டு விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பாயிண்ட் 32 கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது. சென்ற வாரம், எங்களுக்கு இரண்டு தோட்டம் தள்ளியுள்ள ஒரு வீட்டில் இரவில் பின்கதவை உடைத்து ஆட்கள் புகுந்துவிட்டார்கள். வயதான தம்பதியர் மட்டுமே அங்கே இருந்தார்கள். நான் வெளியூர் செல்லும் நாட்களில் எங்கள் வீட்டிலும் அம்மா, மனைவி, குழந்தை மூவரும்தான் இருப்பார்கள். வியாழக்கிழமை கோயம்புத்தூர் செல்லும்போது புதிய தோட்டா வாங்கிவர எண்ணியிருக்கிறேன். முனையில் குழி உள்ள தோட்டாதான் ஆளை அந்த இடத்திலேயே நிறுத்தும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது நம் ஊர்க் கடைகளில் கிடைக்குமா, இல்லையென்றால் வேறு எது நல்லது என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லி உதவுங்கள்.

கூடலூர் வாசகர்:
நண்பரே, பாயிண்ட் 32 என்று குழலின் துளையளவை (அங்குலத்தில்) மட்டும் சொன்னால் பதில் சொல்ல இயலாது. அந்த ஒரே பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் விற்கின்றன. சுழலும் உருளை கொண்ட ரிவால்வருக்கு உரியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் என்னும், அடியில் தெளிவான விளிம்பு கொண்ட நீளமான தோட்டா. அதன் பித்தளை உறை மட்டும் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் இருக்கும். பிஸ்டலுக்கு உரியது பிரௌனிங் வடிவமைத்த, 7.65 என்றும் அழைக்கப்படும், 17 மில்லிமீட்டர் உறை கொண்ட குட்டைத் தோட்டா. குட்டையானது பல ரிவால்வர்களின் அறைக்குள் நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. அது அதிக அழுத்தத்தில் வெடிப்பது. ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டது அன்று. ஆகவே உங்களுடையது ரிவால்வரா பிஸ்டலா, எங்கே செய்தது, உரிமம் யார் பெயரில் இருக்கிறது, வீட்டின் உட்சுவர்கள் கல்லா பலகையா என்பவற்றை முதலில் எழுதுங்கள்.

சிம்ஸ் பூங்கா நடையாளர்:
எதுவாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: குழிமுனைத் தோட்டாவைத் தேடுங்கள். உடலுக்குள் சென்றதும் முனை விரிந்து, குண்டு அகலமாகி, தன் விசை முழுவதையும் அங்கேயே செலவிட்டுவிடும். விரியாத குண்டு ஆளைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்பவரையும் தாக்கக்கூடும். 1986இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இதை விரிவாக ஆராய்ந்து, உடல் தசைக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சோதனை ஜெல்லில் 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு ஊடுருவ வேண்டும் என்று வரையறுத்தது. அங்கே வீட்டுப் பாதுகாப்புக்கு அறிந்தவர்களில் பலர் உருண்டைமுனைக் குண்டை நம்புவதில்லை. குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுவே பொறுப்பான தேர்வு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லவ்டேல் மூத்தவர்:
இந்தக் கேள்வியை இங்கே எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள் என்று பழைய இழைகளைப் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், தம்பி. தன் கையில் இருக்கும் ஆயுதம் எந்த வகை என்று எழுதத் தோன்றாதவர் தோட்டாவின் முனையைப் பற்றிக் கவலைப்படுவது, அடுப்பு பற்றவைக்கத் தெரியாதவர் பிரியாணிக்கு அரிசி தேடுவதைப் போன்றது.

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். நடையாளர் எழுதியிருப்பது 9 மி.மீ. போன்ற வேகமான தோட்டாக்களுக்குப் பொருந்தும். நம் நாட்டில் 9 மி.மீ., பாயிண்ட் 38, பாயிண்ட் 45 எல்லாம் தடைசெய்யப்பட்ட துளையளவுகள் என்பதால், சாதாரணக் குடிமகனுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது பாயிண்ட் 32தான். ரிவால்வருக்கான 98 கிரெயின் (ஆறு கிராமுக்குச் சற்று அதிகம்) எடையுள்ள ஈயக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 215 மீட்டர் வேகத்தில் செல்வது. குழிமுனை விரிவதற்கே ஒரு வேகம் வேண்டும். மூன்று அங்குலக் குழலில் இருந்து இந்த வேகத்தில் கிளம்பும் குண்டு பல நேரங்களில் விரிவதே இல்லை. தப்பித் தவறி விரிந்தால், இருக்கும் சிறிய விசையில் ஆழம் குறைந்துபோகும். நீங்கள் சுட்டிய அதே எஃப்.பி.ஐ. சோதனையில் தடித்த துணி அடுக்குகளைப் போர்த்திச் சுடும் பகுதி ஏன் இருக்கிறது என்று யோசித்தீர்களா? துணி குழியை அடைத்துவிட்டால் அது சாதாரணக் குண்டாகவே நடந்துகொள்ளும். நம் நீலகிரி மலையில் மார்கழி இரவில் ஸ்வெட்டரும் அதன்மேல் சட்டையும் கம்பளியும் இல்லாமல் நடமாடுபவர் யார்?

ஆகவே ரிவால்வர் என்றால் தொழிற்சாலையில் செய்த புதிய உருண்டைமுனை ஈயத் தோட்டா. பிஸ்டல் என்றால் குண்டின் மேல் உலோக உறை போட்ட தோட்டா. பிஸ்டலில் உருண்டைமுனை தடையின்றி அறைக்குள் ஏறும், சிக்காது. இலக்குப் போட்டிகளில் பயன்படும் தட்டைமுகக் குண்டு கிடைத்தால் ரிவால்வருக்கு அதையும் கருதலாம். அது விரியத் தேவையில்லை. தன் முழு அகலத்துக்கும் வெட்டிக்கொண்டு செல்லும். ஆனால் நம் கடைகளில் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அருவங்காடு ஓய்வாளர்:
அனைவரும் குண்டின் முனையைப் பற்றியே பேசுகிறீர்கள். வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், முனைக்குப் பின்னால் இருப்பதைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். வீட்டில் ஏற்கெனவே தோட்டாக்கள் இருக்கின்றனவா? எந்த ஆண்டில் வாங்கியவை? எதில் வைத்திருக்கிறீர்கள்?

மலையின் ஈரத்தில் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து நமுத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நமுத்துப்போவது பழைய கருமருந்து. இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்து காற்றின் ஈரத்தை அப்படி உறிஞ்சுவதில்லை. அதன் எதிரி வெப்பம். அந்த மருந்தின் முக்கியப் பொருளான நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் தானாகவே சிதையும். அந்தச் சிதைவைத் தடுப்பதற்காகவே நிலைப்படுத்தும் பொருளைச் சேர்க்கிறோம். வெப்பம் கூடக்கூட அந்தப் பொருள் விரைவாகத் தீர்ந்துபோகும். ஆகவே சென்னையில் மொட்டைமாடி அறையில் இருக்கும் பெட்டியைவிடக் கோத்தகிரியில் இருக்கும் பெட்டியில் மருந்து நீண்டகாலம் நன்றாக இருக்கும். ஆனால் பித்தளைக்கும், அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் கேப்புக்கும் நம் மூடுபனி நல்லதன்று. தோல் வாரில் செருகி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தோலைப் பதப்படுத்திய பொருள் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பாகப் படியும். துரு வராமல் இருக்கட்டும் என்று தோட்டாவுக்கு எண்ணெய் பூசுபவர்களும் உண்டு. அந்த எண்ணெய் கேப்பின் ஓரமாக உள்ளே கசிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். தோட்டாவை உலர்ந்த துணியால் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே போதும்.

கேப்பு பழுதான தோட்டாவால் மூன்று தீமைகள் நேரலாம். வெடிக்காமலே போகலாம். சில நொடிகள் தாமதித்து வெடிக்கலாம். அதனால்தான் வெடிக்காத துப்பாக்கியை உடனே திறக்காமல், குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருக்கச் சொல்கிறோம். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது: மருந்து அரைகுறையாக எரிந்து, குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். ஓசை மந்தமாகக் கேட்கும், கையில் உதைப்பு இருக்காது. பதற்றத்தில் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கக்கூடும்.

கட்டபெட்டு விவசாயி:
பதில் அளித்த அனைவருக்கும் நன்றி. ரிவால்வர்தான், ஆறு தோட்டா போடுவது, கான்பூரில் செய்தது. அப்பா வாங்கியது. அவருடைய தோல் பெல்ட்டில் இருபதுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் உள்ளன, சிலவற்றில் பச்சை படிந்திருக்கிறது. உரிமம் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் சென்ற மாசியில் காலமானார். வீட்டின் முன்பகுதி கல்சுவர், படுக்கையறைப் பக்கம் பலகைத் தடுப்பு. ஈயத் தோட்டாவே போதும் என்றால் அதையே வாங்கிக்கொள்கிறேன்.

கூடலூர் வாசகர்:
முதலில் உங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அடுத்து, தயவுசெய்து வியாழக்கிழமைப் பயணத்தை நிறுத்துங்கள். உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்துவிட்டது. அது வாரிசுக்குத் தானாக வருவதில்லை. இப்போது அந்த ரிவால்வரையும் தோட்டாக்களையும் நீங்கள் வைத்திருப்பதே படைக்கலச் சட்டம் 1959இன்படி உரிமமின்றி வைத்திருப்பதாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை. கடைக்காரர் உரிமப் புத்தகத்தைப் பார்த்து, அதில் பதிவு செய்துதான் தோட்டா தருவார். உங்களுக்குத் தரமாட்டார், தரவும் கூடாது.

சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே வழி வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். முதலில் நிலையத்துக்குத் தொலைபேசியில் விவரத்தைச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி எடுத்துச் செல்லுங்கள். இறப்புச் சான்றிதழ், அப்பாவின் உரிமம், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்துப்பூர்வமான ரசீது பெறுங்கள். பிறகு உங்கள் பெயரில் உரிமம் கேட்டு மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு விதிகள் வாரிசுக்கு உரிமம் தருவதைப் பற்றித் தனியாகவே சொல்கின்றன. கிடைத்தால் அதே ரிவால்வரை மீட்டுக்கொள்ளலாம்; இல்லையென்றால் விற்றுக்கொள்ளும் உரிமை உண்டு.

மிளிதேன் தோட்டம்:
திருடனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கோத்தகிரிப் பக்கம் இரவில் பின்கதவைத் தள்ளுவது பெரும்பாலும் கரடிதான். எண்ணெயும் சர்க்கரையும் இருந்தால் கடை ஷட்டரையே பெயர்த்துவிடுகிறது. காட்டெருமையும் முற்றத்தில் நிற்கிறது. அதற்கு எந்தத் தோட்டா என்று யாரும் சொல்லவில்லையே?

லவ்டேல் மூத்தவர்:
எந்தத் தோட்டாவும் இல்லை. பாயிண்ட் 32ஐக் கொண்டு கரடியைச் சுட்டால், வலியோடு திரும்பிப் பாய்கிற கரடி ஒன்றுதான் மிஞ்சும். ஆயிரம் கிலோ எட்டக்கூடிய காட்டெருமையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மிளிதேன் தோட்டம்:
ஐயா, எங்கள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு விடியற்காலையில் வெளியே கால் வைக்கவே பயம். தற்காப்புக்காகச் சுடுவது குற்றமன்று என்று 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே இருக்கிறது.

கூடலூர் வாசகர்:
இருக்கிறது. உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததாக இருக்க வேண்டும் என்பதும் அதே 11ஆம் பிரிவில் இருக்கிறது. கதவுக்கு அப்பால் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும் கரடியைச் சன்னல் வழியாகச் சுடுவது அதில் அடங்காது. எங்கள் பக்கம் யானையோடு வாழ்கிறோம்; உங்கள் அச்சம் எனக்கு அந்நியம் அன்று. எண்ணெய் டின்னைப் பூட்டுள்ள அறைக்கு மாற்றுங்கள், குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள், வெளி விளக்கை எரியவிடுங்கள், வனத்துறை எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

சிம்ஸ் பூங்கா நடையாளர்:
பேச்சைத் தோட்டாவுக்குத் திருப்புகிறேன். படுக்கையறைப் பக்கம் பலகைத் தடுப்பு என்கிறார். அங்கே குழந்தை தூங்கும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், துளைத்து வெளியேறாத குண்டு வேண்டும்.

லவ்டேல் மூத்தவர்:
உங்கள் அக்கறை நியாயமானது, தீர்வு தவறானது. இருட்டில், நடுங்கும் கையோடு சுடும்போது குறிதவறும் குண்டுகளே அதிகம்; அவை எந்த உடலிலும் விரியாமல் நேராகப் பலகைக்குத்தான் போகும். மரத்தூளும் துணியும் அடைத்த குழிமுனை சாதாரண ஈயக்குண்டைப் போலவே பலகையைத் துளைத்து மறுபக்கம் செல்லும். பலகையையும் தகரத்தையும் துளைக்காமல் ஆளை மட்டும் நிறுத்தும் கைத்துப்பாக்கித் தோட்டா கிடையாது. குழந்தையும் அம்மாவும் எந்த அறையில் படுப்பது, எந்தக் கல்சுவரை நோக்கி மட்டும் குழலைத் திருப்பலாம் என்பதைப் பகலிலேயே வீட்டைச் சுற்றி நடந்து முடிவு செய்ய வேண்டும். கல்சுவர் உள்ள முன்னறைக்கு மூவரையும் மாற்றினால், எந்தத் தோட்டாவாலும் செய்ய முடியாத வேலையை அந்தச் சுவர் செய்யும். என் முதல் பதிலில் தம்பியிடம் கடுமையாகப் பேசியிருந்தால் வருந்துகிறேன். உரிமம் வந்தபின் பயிற்சிக் களத்தில் அதே தோட்டாவில் ஐம்பதாவது சுட்டுப் பழகாமல் இரவில் அதை நம்ப வேண்டாம்.

கூடலூர் வாசகர்:
இன்னும் ஒன்று. இரவில் வீட்டை உடைத்துப் புகுபவரிடமிருந்து காத்துக்கொள்ளும் உரிமை, நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவின்படி உயிரிழப்பு வரைக்கும் நீளக்கூடும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று 37ஆம் பிரிவு அதைக் கட்டுப்படுத்துகிறது. ஓடுகிறவரின் முதுகில் சுட்டால், குண்டு எந்த வகை என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அருவங்காடு ஓய்வாளர்:
விவசாயி அவர்களே, பச்சை படிந்த தோட்டாக்களைத் தேய்த்துச் சுத்தம் செய்யவோ, சுட்டுப் பார்க்கவோ, மண்ணில் புதைக்கவோ வேண்டாம். இருக்கிறபடியே எண்ணி ஒப்படையுங்கள். வியாழன் கழிந்துவிட்டது, என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.

கட்டபெட்டு விவசாயி:
தாமதத்துக்கு மன்னிக்கவும். கோயம்புத்தூர் போகவில்லை. நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் கொண்டுபோய் ஒப்படைத்தேன். ரிவால்வர் ஒன்று, தோட்டா 23. அதில் ஒன்பதில் களிம்பு. ஒவ்வொன்றாக எண்ணி எழுதி ரசீது தந்தார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பின்கதவுக்கு இரும்புச் சட்டம் போட ஆள் வந்திருக்கிறார். அம்மாவும் குழந்தையும் முன்னறைக்கு மாறிவிட்டார்கள். நன்றி.