இணையவழிப் பொருளுக்குத் தீர்வை வேண்டாம் என்று இலங்கை நிரந்தரமாக எழுதிக் கொடுக்கலாமா?

மருதமுனையான்:
மென்பொருள், பாடல், படம் போன்றவை இணையவழி நாட்டுக்குள் வரும்போது சுங்கத் தீர்வை அறவிடுவதில்லை என்று 1998இல் உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் இணங்கின. அமைச்சர் மாநாடுகளில் தவணை தவணையாக நீடிக்கப்பட்டு வந்த இந்த இணக்கத்தை, சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளில் நிரந்தரக் கடப்பாடாக எழுதிக் கொடுப்பது எம்மைப் போன்ற நாடுகளுக்கு நட்டமே. இந்தியாவும் தென்னாபிரிக்காவும் ஜெனீவாவில், அந்த அமைப்பின் தலைமையகத்தில், இந்த இணக்கத்தைக் காரணமின்றி எதிர்க்கவில்லை. எங்கள் ஊர்த் தறியில் நெய்த சேலை பொதியாகக் கடல் கடந்தால் இறங்குமிடத்தில் தீர்வை கேட்கிறார்கள். அவர்களுடைய மென்பொருளுக்கு மட்டும் நாம் கேட்கக் கூடாதாம்.

கல்லடிக்காரன்:
சகோதரர், அந்த இணக்கம் தடுத்தது சுங்கத் தீர்வையை மாத்திரமே. உள்நாட்டு, வெளிநாட்டு வழங்குநர் என்ற பேதமின்றி அறவிடும் பெறுமதி சேர் வரியை அது தொடவில்லை. இந்தோனேசியா 2018இல் மென்பொருளுக்கும் ஏனைய டிஜிட்டல் பொருள்களுக்கும் தனது தீர்வைப் பட்டியலில் இடம் ஒதுக்கியது; ஆனால் விதித்த வீதமோ பூச்சியம். மட்டக்களப்பில் இருந்துகொண்டு சிங்கப்பூர்க் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் என்ற வகையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. இலத்திரனியல் கையொப்பமிட்ட ஒப்பந்தம் இரு பக்கமும் செல்லுபடியாக வேண்டும். நாளைக்கு அவர்கள் புதிதாகத் தீர்வை ஒன்றைக் கொண்டுவரமாட்டார்கள் என்ற உறுதியும் வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த இலங்கை–சிங்கப்பூர் உடன்படிக்கையில் இலத்திரனியல் வர்த்தகத்துக்கெனத் தனி அத்தியாயம் வைத்தது இதற்காகத்தான்.

மருதமுனையான்:
கையொப்பத்தில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அதே கதவால், தரவை எங்கே வைப்பது, எப்படி எல்லை கடத்துவது என்ற தரவு விதிகளும் நுழைகின்றன. சிபிடிபிபி எனப்படும் பசிபிக் நாடுகளின் உடன்படிக்கையில் 14ஆம் அத்தியாயத்தை வாசித்துப் பாருங்கள்: தரவைச் சேமிக்கும் கணினியான சேவையகத்தை உள்நாட்டில் வைக்கும்படியோ, மென்பொருள் எழுதப்பட்ட மூல நிரலைக் காட்டும்படியோ நிறுவனங்களை நிர்ப்பந்திக்க அரசுக்குள்ள அதிகாரம் அங்கே குறுக்கப்படுகிறது. பொதுநலனுக்கு விதிவிலக்கு உண்டுதான். அந்த விதிவிலக்கு பொருந்துமா என்று தகராறு வந்தால் தீர்ப்பது நமது நாடாளுமன்றம் அல்ல. இத்தகைய விதிகளை நெடுங்காலம் முன்தள்ளிய அமெரிக்காவே, உள்நாட்டில் சட்டமியற்ற இடம் வேண்டும் என்று சொல்லி, 2023 ஒக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் அவற்றுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. நமது தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 2022இல்தான் நிறைவேறியது. அதைச் செயற்படுத்திப் பழகுமுன்னர் கையைக் கட்டிக் கொடுப்பானேன்?

ஏறாவூர் வாசகர்:
சிலி, நியூசிலாந்து, சிங்கப்பூர் ஆகியன 2020இல் ஒப்பமிட்ட டிஜிட்டல் பொருளாதாரப் பங்காளித்துவ உடன்படிக்கையைப் பார்க்கலாமே. அது தனித்தனிக் கூறுகளாக அமைந்தது. இலத்திரனியல் விலைப்பட்டியல் போன்ற ஒரு கூறை மட்டும் மாதிரியாகக் கொண்டு நாமும் உடன்படிக்கை எழுதலாம்.

கல்லடிக்காரன்:
எழுதலாம்; ஆனால் மறுபக்கமும் அதற்கு இணங்க வேண்டும் அல்லவா? பெரிய சந்தை உள்ள நாடு தரவுக் கூறை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தராது. எனக்கு வேலை தரும் கடைக்காரர் தமது விற்பனைத் தரவை இங்கே அனுப்பத் தயங்கினால் நான் எழுதிய நிரலைச் சோதிக்கவே வழியில்லை. தரவு இரு வழியும் ஓடினால்தான் எனக்குப் பிழைப்பு.

மருதமுனையான்:
அப்படியாயின், தரவு விதிகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசமும் நமது அரசு கேட்கட்டும்; அதன் முடிவில் மீளாய்வு செய்து விலகும் உரிமையையும் கேட்கட்டும். அதையும் தர மறுக்கும் நாட்டுடன் கையொப்பமும் விலைப்பட்டியலும் போதும் என்றே நான் சொல்வேன்.