பின்சுவர் கேமரா: கோடு எங்கே போடலாம்?

*எங்கள் அடுக்ககம் – வாட்ஸ்அப் குழு*

ராஜேந்திரன் (செயலாளர்): எல்லோருக்கும் வணக்கம். பின்சுவர் கேமரா நேற்றும் விடிய விடிய அலர்ட் அனுப்பியது. திறந்து பார்த்தால் பூச்சி, இல்லாவிட்டால் முருங்கைக் கிளை. யாருக்காவது சரிசெய்யத் தெரியுமா?

சாந்தி: நான் சவுண்டையே ஆஃப் பண்ணிவிட்டேன் சார் 😀

கார்த்திக்: சார், இப்போது ஆனில் இருப்பது மோஷன் டிடெக்‌ஷன். படத்தில் எது அசைந்தாலும் கத்தும். நமக்கு வேண்டியது லைன் கிராசிங். திரையில் நாமே ஒரு கோடு வரையலாம். அதைத் தாண்டினால்தான் அலர்ட். நம் கேமராவில் அந்த வசதி இருக்கிறது.

பாலு மாமா: சுவர் மேலேயே கோட்டைப் போட்டுவிடு தம்பி.

கார்த்திக்: அங்கே வேண்டாம் மாமா. ஆள் பாதிதான் தெரிவான், பூனை நடக்கிற பாதையும் அதுதான். உள்பக்கம், குதித்தவன் கால் ஊன்றும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் போடுவோம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் முழுசாகத் தெரிய வேண்டும்.

கார்த்திக்: 📷 படம்

கார்த்திக்: ஏ பக்கம் சுவர், பி பக்கம் மோட்டார் ரூம். ஏ-யிலிருந்து பி-க்கு வந்தால் மட்டும் அடிக்கும். டார்கெட்டில் ‘ஹியூமன்’ மட்டும் டிக். நாய், பூனை பெரும்பாலும் கழிந்துவிடும்.

மீனா: நாமே சுவரோரம் போய்விட்டுத் திரும்பினாலும் அடிக்குமே?

கார்த்திக்: அடிக்கும் அக்கா. அதனால்தான் இரவு 11 முதல் காலை 4.30 வரை மட்டும். பால்காரர் பின்கேட்டுக்கு வருவதற்குள் நின்றுவிடும். ரெக்கார்டர் கடிகாரம் 40 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சரிசெய்துவிட்டேன். இல்லையென்றால் பால்காரரைத்தான் பிடித்திருப்போம்.

மீனா: பக்கத்து வீட்டு ஜன்னல் தெரிகிறதே, அவர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா?

கார்த்திக்: பிரைவசி மாஸ்க் போட்டாயிற்று. அந்த இடம் கறுப்புக் கட்டமாகத்தான் இருக்கும், ரெக்கார்டிங்கிலும் வராது.

ராஜேந்திரன்: அப்போ பூச்சித் தொல்லை?

கார்த்திக்: இரவில் கேமராவின் ஐஆர் விளக்கு (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு ஒளி) பக்கம் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸ் முன்னால் வலை ஆடினால் படமே வெள்ளையாகிவிடும், ஆள் வந்தாலும் தெரியாது. வாட்ச்மேன் அண்ணன் வாரம் ஒருமுறை ஒட்டடைக்கோலால் தட்டிவிட்டால் போதும். முருங்கைக் கிளையை மட்டும் வெட்டியே ஆக வேண்டும், கோட்டை மறைக்கிறது.

சாந்தி: ஐயோ, காய்ப்பு முடியட்டும்பா!

ராஜேந்திரன்: கோட்டை மறைக்கும் கிளை மட்டும். மற்றதைத் தொட மாட்டோம்.

கார்த்திக்: இன்று இரவு 11 மணிக்கு மேல் அண்ணனை நிமிர்ந்து ஒருமுறை, குனிந்து ஒருமுறை தாண்டச் சொல்கிறேன். யார் யாருக்கு வருகிறது என்று சொல்லுங்கள்.

*இரவு 11.12*

ராஜேந்திரன்: வந்தது. இரண்டு தடவையும்.

மீனா: எனக்கும்.

பாலு மாமா: எனக்கு ஒன்றும் வரவில்லையே?

கார்த்திக்: பேட்டரி சேவர் ஆனில் இருக்கும் மாமா. அது அந்த ஆப்பைத் தூங்க வைத்துவிடும். காலையில் போனைக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன்.

பாலு மாமா: 👍