ராஸ்பெர்ரி பை 3: லூப்பேக் ஓடுது, மீட்டர் மட்டும் பேச மாட்டேங்குது (ஆர்எஸ்485, மோட்பஸ்)

பாவுநூல்:
வணக்கம்ங்க. நாலு நாளா இதே வேலை, ஒண்ணும் பிடிபடல. யாராவது கை கொடுங்க.

குமாரபாளையத்துல எங்க மாமா தறிப்பட்டறை. மூணு எனர்ஜி மீட்டர் இருக்கு. ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பார்த்து நோட்டுல எழுதுறாரு. "இதை நான் கம்ப்யூட்டர்ல தானா வர வைக்கிறேன்"னு மாமாகிட்ட வாய் விட்டுட்டேன். இப்ப தினமும் "என்னாச்சு மாப்ள?"ன்னு கேக்குறாரு.

என்கிட்ட இருக்கறது: ராஸ்பெர்ரி பை 3 பி (கையளவு கம்ப்யூட்டர்), புக்வார்ம் ஓஎஸ், பையோட சிக்னலை மீட்டரோட ஆர்எஸ்485 ரெட்டை ஒயர் லைனுக்கு மாத்தித் தர்ற மேக்ஸ்485 மாட்யூல் ஒண்ணு. பையோட 8-ஆம் பின்னுல டிஎக்ஸ் (அனுப்புறது), 10-ஆம் பின்னுல ஆர்எக்ஸ் (வாங்குறது). மாட்யூல் பேசணுமா கேக்கணுமான்னு மாத்துற டிஇ, ஆர்இ ரெண்டையும் ஒண்ணா முறுக்கி ஜிபிஐஓ 18-ல (நிரல்ல இருந்து ஏத்தி இறக்கக்கூடிய பின்) கொடுத்திருக்கேன். மீட்டர் மூணுமே மோட்பஸ்ங்கற கேள்வி-பதில் முறையில பேசும்: செகண்டுக்கு 9600 பிட், 8 பிட், ஈவன் பாரிட்டி (1-களோட எண்ணிக்கை இரட்டைப்படையா வர ஒவ்வொரு பைட்டோடயும் சேர்க்கிற சரிபார்ப்பு பிட்), 1 ஸ்டாப் பிட். பைத்தான்ல பைசீரியல் வச்சு சின்ன நிரல்.

ராஸ்பி-கான்ஃபிக்ல லாகின் ஷெல் வேண்டாம், சீரியல் போர்ட் வேணும்னு கொடுத்துட்டேன். மாட்யூலைக் கழட்டிட்டு 8, 10 ரெண்டு பின்னையும் ஜம்பர் ஒயரால சேர்த்து லூப்பேக் பார்த்தேன். அனுப்பினது அப்படியே திரும்பி வருது, ஒரு பைட்கூட பிசகல. மீட்டர் மேலயும் சந்தேகம் இல்ல, ஏன்னா லேப்டாப்ல யூஎஸ்பி-485 டாங்கிள் போட்டு ஒவ்வொண்ணா கேட்டா உடனே பதில் சொல்லுது. பையில இருந்து கேட்டா மட்டும் டைம்அவுட். பிழைச் செய்தின்னு ஒரு வரி வந்தாலும் பிடிச்சுக்கலாம், அதுவும் இல்ல.

ஈயப்பற்று:
முதல்ல மீட்டருக்குப் போற ஆர்எஸ்485 லைனோட ஏ, பி ஒயரை மாத்திக் கொடுத்துப் பாருங்க. எது ஏ, எது பி என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி குழப்பம் உண்டு. ரெண்டாவது கேள்வி: மாட்யூலுக்கு எத்தனை வோல்ட்?

பாவுநூல்:
மாத்திப் பார்த்துட்டேன்ங்க, அதே கதைதான். மாட்யூலுக்கு பையோட 5 வோல்ட் பின்னுல இருந்து.

ஈயப்பற்று:
அப்ப மாட்யூல் கேட்டதைப் பைக்குக் கொடுக்கிற ஆர்ஓ பின் நேரா பையோட 10-ஆம் பின்னுக்குப் போகுதா? தம்பி, முதல்ல கரண்டை நிறுத்துங்க, அப்புறம் மீதியைப் படிங்க.

பையோட ஜிபிஐஓ 3.3 வோல்ட் மட்டும்தான் தாங்கும். மேக்ஸ்485 சிப் 4.75-ல இருந்து 5.25 வோல்ட் வரைக்குமான சரக்கு. அதோட ஆர்ஓ மேலே போச்சுன்னா 5 வோல்ட்டுக்குப் பக்கத்துல கொடுக்கும். இன்னிக்கு ஓடும், நாளைக்கும் ஓடும், ஒரு நாள் அந்தப் பின் செத்துக்கிடக்கும். எனக்கு அப்படி ஒரு போர்டு போயிருக்கு, அதனாலதான் கத்துறேன்.

ஆர்ஓ-வுக்கும் 10-ஆம் பின்னுக்கும் நடுவுல 1 கிலோஓம், பின்னுல இருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் போடுங்க. 5 வோல்ட் 3.33 ஆகிடும். இல்லாட்டி 3.3 வோல்ட்டுக்குன்னே உள்ள மேக்ஸ்3485 மாட்யூல் வாங்கிடுங்க, அதுதான் சுத்தமான வழி. எதிர்ப்பக்கம் கவலை இல்ல. பை அனுப்புறதை மாட்யூல் வாங்குற டிஐ பின் 2 வோல்ட் வந்தாலே "மேலே"ன்னு எடுத்துக்கும், பை கொடுக்கிற 3.3 தாராளம்.

டேபிள்ஃபேன்:
டிஇ பின்னை எப்ப கீழே இறக்குறீங்க? ரைட் முடிஞ்ச அடுத்த வரியிலேயேவா? அப்படின்னா அங்கதான் ஓட்டை. ரைட் திரும்பி வந்துடுச்சுன்னா பைட்டெல்லாம் ஒயர்ல போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, கெர்னல்கிட்ட ஒப்படைச்சாச்சு, அவ்வளவுதான். 8 பைட் கேள்வி 9600-ல போய்ச் சேர 9 மில்லிசெகண்ட் ஆகும். அதுக்குள்ள டிஇ-யை இறக்கினா பாதிப் பேச்சுல வாயைப் பொத்தின மாதிரி. ரைட்டுக்கு அப்புறம் ஃப்ளஷ் (எல்லா பைட்டும் போய் முடியற வரைக்கும் காத்திருக்கிற கட்டளை) கூப்பிட்டுட்டு அப்புறம் இறக்குங்க.

பாவுநூல்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. ரெசிஸ்டர் ரெண்டும் போட்டாச்சு. பின் தப்பிச்சிருக்கு, லூப்பேக் இன்னும் ஓடுது. ஃப்ளஷ்ஷும் நான் போடவே இல்ல, இப்ப சேர்த்துட்டேன்.

ஆனா மீட்டர் இன்னும் மௌனம்தான். அதனால லேப்டாப்பை அதே ஏ, பி ஒயர்ல தொங்கவிட்டு பை என்ன பேசுதுன்னு ஒட்டுக்கேட்டேன். 01 03 00 00 00 02 சி4 0பி. எட்டு பைட்டும் வருது, கடைசி ரெண்டு பைட்டான சிஆர்சி-யும் (தகவல் சிதையலன்னு சரிபார்க்கிற எண்) சரி. சரியான கேள்வி ஒயர்ல போகுது, மீட்டர் ஏன் கண்டுக்கல?

பழைய மோடம்:
ஒட்டுக்கேட்டது நல்ல காரியம். கேட்கும்போது லேப்டாப்பில் பாரிட்டி என்ன வைத்திருந்தீர்கள்?

பதில் எழுதும் முன் இன்னொன்றும் செய்துவிடுங்கள். மீட்டர்களைக் கழற்றிவிட்டு, பையில் ஈவன் பாரிட்டியோடு போர்ட்டைத் திறந்து, சரியாக 960 பைட் எழுதி, ஃப்ளஷ் முடியும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து சொல்லுங்கள். கருவி எதுவும் வேண்டாம், பைத்தானின் டைம் போதும்.

லூப்பேக்கை ரொம்ப நம்பாதீர்கள். அதில் பேசுகிற வாயும் கேட்கிற காதும் ஒரே ஆளுடையவை. ஒயரும் பின்னும் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

பாவுநூல்:
சார், லேப்டாப்ல பாரிட்டி "நன்"ல, அதாவது பாரிட்டியே இல்லாம இருந்துச்சு, கவனிக்கல. இப்ப ஈவனுக்கு மாத்திக் கேட்டா குப்பை குப்பையா வருது. 960 பைட்டுக்கு 1.00 செகண்ட். மூணு தடவை பார்த்தேன், அதேதான். இதுல என்ன தெரியுது?

பழைய மோடம்:
எல்லாமே தெரிகிறது.

பாரிட்டி இல்லையென்றால் ஒரு பைட்டுக்கு ஒயரில் 10 பிட்: ஸ்டார்ட் 1, தகவல் 8, ஸ்டாப் 1. ஈவன் பாரிட்டி சேர்ந்தால் 11. 9600-ல் 960 பைட் போக முதல் கணக்குக்கு 1.0 செகண்ட், இரண்டாவதற்கு 1.1. உங்களுக்கு 1.00 வந்தது. நீங்கள் ஈவன் என்று கேட்டும் பை பாரிட்டி பிட்டை அனுப்பவே இல்லை. லேப்டாப் "நன்"-ல் சுத்தமாகக் கேட்டதும் இதனால்தான். உண்மையிலேயே ஈவனில் போயிருந்தால் 03 என்ற பைட்டில் ஒன்று இரண்டு இருப்பதால் பாரிட்டி பிட் 0 ஆகும். லேப்டாப் ஸ்டாப் பிட்டை எதிர்பார்க்கும் இடத்தில் அந்த 0 விழுந்து, அங்கேயே உதைத்திருக்கும்.

காரணம் பை 3-ன் உள்ளே இருக்கிறது. அந்தச் சிப்பில் இரண்டு யூஆர்ட் (சீரியல் தகவலை அனுப்பி வாங்கும் பகுதி). ஒன்று பிஎல்011, முழுமையானது. இன்னொன்று மினி யூஆர்ட், பெயருக்கேற்ற மினி: பாரிட்டி கிடையாது, ஃப்ரேமிங் பிழையையும் கண்டுபிடிக்காது. 2016-ல் பை 3 வந்தபோது பிஎல்011-ஐ ப்ளூடூத்துக்குக் கொடுத்துவிட்டு, 8, 10 பின்களில் மினியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பை 2 வரைக்கும் அந்தப் பின்களில் பிஎல்011-தான் இருந்தது. பழைய வீடியோவில் ஓடுவது உங்களிடம் ஓடாததற்கு இதுவே காரணம். ஈவன் வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது மென்பொருள் தலையாட்டிவிட்டது, வன்பொருளிடம் அது இல்லை.

மீட்டர் பக்கம் பாருங்கள். முதல் பைட் 01. அதில் ஒன்று ஒரே ஒரு தடவை, ஆகவே பாரிட்டி 1 வர வேண்டும். அந்த இடத்தில் உங்கள் ஸ்டாப் பிட் வருகிறது, அதுவும் 1, தற்செயலாகப் பொருந்திவிட்டது. அடுத்து ஸ்டாப் வர வேண்டிய இடத்தில் இரண்டாவது பைட்டின் ஸ்டார்ட் பிட், 0. முதல் பைட்டிலேயே முடிந்தது கதை. மோட்பஸ் ஆர்டியூவில் சிதைந்து வந்த கேள்விக்கு மீட்டர் "புரியவில்லை" என்றுகூடச் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். பிழைச் செய்தி இல்லாமல் வெறும் டைம்அவுட் வந்தது அதனால்தான்.

இனி வைத்தியம். டெவ் கோப்புறையில் சீரியல்0 எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். இப்போது டிடிஒய்எஸ்0 என்று இருக்கும், அதுதான் மினி. பட்டறையில் ப்ளூடூத் தேவைப்படாது, ஆகவே கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பின் கடைசியில் டிடிஓவர்லே=டிஸேபிள்-பிடி என்று ஒரு வரி சேர்த்து ரீபூட் செய்யுங்கள். சீரியல்0 டிடிஒய்ஏஎம்ஏ0-வுக்கு மாறியிருக்கும். நிரலில் எப்போதும் சீரியல்0 என்றே எழுதுங்கள், போர்டு மாறினாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். பிறகு அதே 960 பைட் சோதனையை ஓட்டுங்கள். 1.1 வந்தால்தான் மீட்டரைத் தொட வேண்டும்.

டேபிள்ஃபேன்:
960 பைட் கணக்கு அருமை சார். நான் லாஜிக் அனலைசர் வாங்கச் சொல்லலாம்னு இருந்தேன்.

ப்ளூடூத்தும் வேணும்ங்கறவங்களுக்கு: டிஸேபிள்-பிடி-க்குப் பதிலா மினியூஆர்ட்-பிடி போட்டா ரெண்டும் இடம் மாறிக்கும். மினி யூஆர்ட்டோட வேகம் கோர் கடிகாரத்தைப் பிடிச்சுத் தொங்குறதால கோர்_ஃப்ரீக்=250-ன்னும் சேர்த்துடணும்.

பாவுநூல்:
சார், பூட் கோப்புறையில கான்ஃபிக் டெக்ஸ்டைத் திறந்தா "இதைத் தொடாதே, கோப்பு இடம் மாறிடுச்சு"ன்னு எழுதியிருக்கு?

ஈயப்பற்று:
புக்வார்ம்ல பூட்டுக்குள்ள ஃபர்ம்வேர்னு ஒரு கோப்புறை இருக்கும், நிஜக் கோப்பு அங்க. 2023-க்கு முந்தின குறிப்புல எல்லாம் பழைய இடம்தான் இருக்கும்.

பாவுநூல்:
1.10 செகண்ட்!!! முதல் மீட்டர் பேசிடுச்சு! ராத்திரி பதினொரு மணிக்கு மாமாவை எழுப்பிக் காட்டினேன், "காலையில பாக்கலாம் போ"ன்னுட்டாரு.

ஒரே ஒரு பாக்கி. மூணையும் ஒரே ஒயர்ல கோத்தா, முதல் மீட்டர் ஒழுங்கா வருது. ரெண்டாவதைக் கேட்டா சிஆர்சி தப்புன்னு வருது, மூணாவது டைம்அவுட். சிக்னல் முனையில மோதித் திரும்பாம இருக்கப் போடுற டெர்மினேஷன் ரெசிஸ்டர், 120 ஓம், ரெண்டு முனையிலயும் இருக்கு.

பழைய மோடம்:
லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத்தானே சோதித்தீர்கள்? அப்போது மூன்றாவது மீட்டரை எந்த முகவரியில் கூப்பிட்டீர்கள்?

முதலாண்டு:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட பை 5 இருக்கு. இதே டிஸேபிள்-பிடி போட்டா சரியாகுமா அண்ணா?

டேபிள்ஃபேன்:
வேண்டாம் தம்பி, பை 5 வேற ஜாதகம். அதுல சீரியல்0 போய் நிக்கிறது போர்டுல தனியா இருக்கிற 3 பின் டீபக் கனெக்டர்ல. 8, 10 பின்னுல யூஆர்ட் வேணும்னா டிடிபேரம்=யூஆர்ட்0=ஆன் போட்டு, நிரல்ல டிடிஒய்ஏஎம்ஏ0-ன்னு நேராவே எழுதணும். சார் சொன்ன "பெரும்பாலும்" இதுக்குத்தான். பை 4-ல பாரிட்டியோட கூடுதல் யூஆர்ட் நாலு இருக்கு, ஓவர்லே போட்டு வேற பின்னுல எடுத்துக்கலாம்.

பாவுநூல்:
பழைய மோடம் சார், பிடிச்சுட்டீங்க. ரெண்டாவதும் மூணாவதும் ரெண்டுமே முகவரி 2. ரெண்டும் ஒரே நேரத்துல பதில் சொல்லி மோதிக்கிட்டு இருந்திருக்கு. மூணாவதோட முன்பட்டன்லயே 3-ன்னு மாத்திட்டேன். இப்ப மூணும் வரிசையா வருது.

நோட்டு எழுதுற அண்ணன் வந்து ஸ்கிரீனைப் பார்த்துட்டு, டார்ச்சை எடுத்துக்கிட்டு மீட்டர்ல போய் சரிபார்த்துட்டு வந்தாரு. "புள்ளி மாறாம இருக்குது"ன்னாரு. இன்னும் ஒரு வாரம் ரெண்டையும் எழுதச் சொல்லியிருக்காரு மாமா.