அம்மம்மாவின் கொப்பியில் 300 என்றால் எவ்வளவு?

கொட்டாஞ்சேனைக்காரி, இப்போது லண்டன்:

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், வருகிறது. இந்த வாசகர் பக்கத்தில் எல்லோரும் நன்றாக வந்த கேக்கைப் பற்றியே சொல்கிறீர்கள். நான் கருக்கியதைச் சொல்கிறேன்.

அம்மா வைத்திருந்த பழைய சூட்கேஸில் அம்மம்மாவின் சமையல் கொப்பி கிடைத்தது. மட்டை இல்லை. ரிச் கேக் எழுதிய பக்கம் மட்டும் பட்டர் ஊறி, அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. 1 றாத்தல் ரவை, 1 றாத்தல் பட்டர், மஞ்சள் கரு 25, வெள்ளைக் கரு 12, 2 சுண்டு கஜு (முந்திரி), பிளம்ஸ், பூசணி அல்வா, இஞ்சிப்பாகு, பன்னீர். கோதுமை மா கிடையாது, எங்கள் நத்தார் கேக்குக்கு ரவைதான். றாத்தல் 454 கிராம், அது தெரியும். சுண்டு என்றால் எவ்வளவு என்று பெரியம்மாவைக் கேட்டேன். "பால்பேணியால அள பிள்ளை, தலை தட்டி" என்றார். டின்பால் ஒன்று வாங்கி, பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டுப் பேணியைக் கழுவி எடுத்தேன்.

பக்கத்தின் அடியில் நீல மையில் "300, இரண்டரை மணி" என்று இருந்தது. என் ஓவனின் குமிழ் 250 வரைதான் போகும். சரி, அம்மம்மா கேட்டதற்கு முடிந்தவரை கிட்டப் போவோம் என்று முழுக்கத் திருப்பிவிட்டேன். முக்கால் மணியில் வீடெல்லாம் புகை. மேலே கரி, உள்ளே களி. இரண்டு வாரம் பிராண்டியில் ஊறிய பழமெல்லாம் அதற்குள்ளே.

பெரியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. "அது பரனைட்டடி! அதுவும் அம்மா எழுதினதில்லை, நான் எழுதினது." 300 பரனைட் என்றால் ஏறக்குறைய 150 செல்சியஸ். அம்மம்மா காலத்தில் வீட்டில் ஓவன் ஏது? பாண் சுட்டு முடிந்து போறணை (பேக்கரி அடுப்பு) தணிகிற நேரம் பார்த்துத் தட்டைப் பேக்கரிக்கு அனுப்புவார்களாம். அந்தச் சூட்டுக்கு எண் எதற்கு? எங்கள் தட்டுக்கு அடையாளம் ஒரு மூலையில் மூன்று கஜு. ஒரு வருடம் இன்னொரு வீட்டுக்காரரும் மூன்று கஜு வைத்துவிட்டார். மாறி வந்த கேக்கில் சீனி குறைவு என்று பெரியம்மாவுக்கு இன்றைக்கும் குறை.

வெள்ளவத்தை வாசகர்:

எங்கள் வீட்டில் கொப்பி இல்லை, ஆங்கிலப் புத்தகம்தான். ஹில்டா டூட்ரம் தொகுத்து 1929இல் முதலில் வந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகத்தின் பிந்திய பதிப்பு ஒன்று. அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், அதனால் ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ். லவ் கேக் பக்கத்தில் "பன்னீர் இவ்வளவு வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். புத்தகத்தோடு சண்டை பிடித்துச் சமைத்தவர். எனக்கு அச்சில் இருப்பதைவிட அந்தப் பென்சில்தான் உதவுகிறது. என்ன, அது மங்கிக்கொண்டு வருகிறது.

தூத்துக்குடிப் பெண், யாழ்ப்பாண மருமகள்:

கொட்டாஞ்சேனை அக்கா, நீங்கள் எழுதிய பிளம்ஸ் என்னைக் கவிழ்த்த சொல். கலியாணமாகி முதல் நத்தாருக்கு மாமி "பிளம்ஸ் அரைக் கிலோ வாங்கி வா" என்றார். நான் கடை கடையாக ஏறி, சிவப்பாகப் பளபளவென்று பிளம்ஸ் பழம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். மாமி பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இவர்தான் காதோடு சொன்னார், இங்கே உலர்ந்த திராட்சைக்குத்தான் அந்தப் பேராம்.

அப்புறம், 25 முட்டையில் 13 வெள்ளைக் கரு மிஞ்சியிருக்குமே, அதை என்ன செய்தீர்கள்? கொட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊர் மக்ரூனுக்கு வெள்ளைக் கரு, முந்திரி, சீனி, இந்த மூன்றே போதும். அடுத்த முறை மிஞ்சுவதை எடுத்து வையுங்கள், அளவு நான் தருகிறேன். செல்சியஸில்.