மணிக்கட்டு தொங்குகிறது, விரல் விரிப்பதிலும் பலவீனம்: பழுது ஒரு நரம்பிலா, இரண்டிலா?

கேள்வி

வணக்கம். நான் இயன்முறை மருத்துவம் இறுதியாண்டு பயில்கிறேன். நாற்காலியின் சாய்மானத்தின் மேல் வலக்கையைத் தொங்கவிட்டபடி உறங்கிவிட்ட ஒருவர், விழித்தது முதல் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை என்று 4 நாள் கழித்து வந்தார். மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டுகளும் மேலெழவில்லை, கட்டைவிரலும் நீளவில்லை. முழங்கையை நீட்டும் வலிமை மட்டும் குறையவே இல்லை. மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டும் தசைகளை இயக்கும் ரேடியல் நரம்பின் பழுது என்று எழுதப்போகும் நேரத்தில், விரல்களை விரிக்கச் சொன்னால் அதிலும் பலவீனம், பிடியும் தளர்வு. விரிப்பது அல்நார் நரம்பின் வேலை அல்லவா? இரண்டு நரம்புகளும் கெட்டனவா, அல்லது கழுத்தில் நரம்புவேரைத் தேட வேண்டுமா?

பதில் 1

அல்நார் நரம்பைக் குற்றம் சொல்வதற்கு முன், கை எந்த நிலையில் இருந்தபோது சோதித்தீர்கள் என்று பாருங்கள். மணிக்கட்டு தொங்கும்போது, விரல்களை விரிக்கும் சிறுதசைகள் நன்றாக இருந்தாலும் அவற்றால் முழு விசையுடன் இயங்க முடியாது. பிடி தளர்வதற்கும் அதுவே காரணம். உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து, மணிக்கட்டைத் தாங்கியபடி மறுபடியும் விரிக்கச் சொல்லுங்கள். நானும் ஒருமுறை இதே இடத்தில் ஏமாந்து இரண்டு நரம்புகளின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

பதில் 2

கழுத்தைப் பற்றிய ஐயம் நியாயமானது. கழுத்தில் தண்டுவடத்திலிருந்து பிரியும் ஏழாம் நரம்புவேரான சி7 கெட்டாலும் விரல் நீட்டும் தசைகள் தளரும். ஒரே வேரிலிருந்து வந்து வேறு நரம்பின் வழியே செல்லும் தசையையும், ஒரே நரம்பில் இருந்து வேறு வேரைச் சார்ந்த தசையையும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும். சி7 கெட்டிருந்தால் முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தளர்ந்து அதன் அனிச்சையும் குறைவதோடு, மீடியன் நரம்பு இயக்கும் மணிக்கட்டு மடக்குதசையும் பலவீனமாவதே வழக்கம். முழங்கையை மடக்க உதவும் முன்கைத் தசையான பிரேக்கியோரேடியாலிஸ் ரேடியல் நரம்பின் தசையே ஆனாலும் சி5, சி6 வேர்களைச் சார்ந்தது என்பதால் தப்பிவிடும். கட்டைவிரல் மேல்நோக்கியிருக்க, முன்கையை நடுநிலையில் வைத்து, முழங்கையை எதிர்ப்புக்கு எதிராக மடக்கச் சொல்லி அந்தத் தசையைத் தொட்டுப் பாருங்கள். தோள்தசையான டெல்டாய்டையும் விட்டுவிடாதீர்கள்; அதுவும் தளர்ந்திருந்தால் பழுது, அதன் நரம்பும் ரேடியல் நரம்பும் பிரியும் இடமான, அக்குளில் உள்ள பின்நரம்புக் கற்றைக்கு ஏறிவிடும்.

கேட்டவர்

மீண்டும் சோதித்தேன். மேசைமேல் கையை வைத்தபோது விரல்கள் இயல்பான வலிமையுடன் விரிந்தன. டெல்டாய்டும் மணிக்கட்டு மடக்குதசையும் குறையின்றி உள்ளன. டிரைசெப்ஸ் அனிச்சையும் இருக்கிறது. பிரேக்கியோரேடியாலிஸ் திரளவே இல்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, புறங்கைப் பக்கத்தில் தொடுவுணர்வு குறைந்துள்ளது.

பதில் 2

அப்படியானால் பழுது ரேடியல் என்ற ஒரே நரம்பில்தான்; அது மேற்கை எலும்பை ஒட்டிச் சுற்றிச்செல்லும் சுருள்பள்ளத்தில். டிரைசெப்ஸுக்கான கிளைகள் பெரும்பாலும் அந்தப் பள்ளத்திற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அது தப்பியது. பிரேக்கியோரேடியாலிஸுக்கான கிளை அதற்குக் கீழே பிரிவதால் சிக்கியது. முழங்கைக்குக் கீழே ஆழ்ந்து செல்லும், ரேடியல் நரம்பின் பின் இன்டர்ஆசியஸ் கிளை மட்டும் கெட்டிருந்தால், உணர்விழப்பு இருக்காது. மணிக்கட்டும் முற்றிலும் தொங்காமல் கட்டைவிரல் பக்கமாகச் சாய்ந்து எழும்.

பதில் 1

ஊசி மூலம் செய்யும் தசை மின்பதிவை இப்போதே கேட்க வேண்டாம். நரம்பிழந்த தசையின் அடையாளங்கள் தெரிய ஏறக்குறைய 3 வாரம் ஆகும், முன்னதாகச் செய்தால் பாதிப்பு லேசானதென்று தவறாகத் தோன்றக்கூடும். அதுவரை மணிக்கட்டை நீட்டிவைக்கும் தாங்குபட்டை (ஸ்பிளிண்ட்) அணிவித்து, விரல் மூட்டுகள் இறுகாமல் அசைத்துவாருங்கள். அழுத்தத்தால் வந்த இத்தகைய பழுது பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகத் தேறும். நரம்பிழைகளே அறுந்திருந்தால் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும் என்பதால், முதலில் திரும்புவது பழுதுக்கு அருகில் உள்ள பிரேக்கியோரேடியாலிஸாக இருக்கும். ஒவ்வொரு வருகையிலும் அதைத் தொட்டுப் பார்த்துக் குறித்துவையுங்கள்.