காண்டிராக்டர் கை மாறினால் பொறுப்பும் மாறிவிடுமா?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீடு கட்டுகிறார். காண்டிராக்ட் எடுத்தவர் லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் உத்தரம்) வரை முடித்துவிட்டு, "வேறு சைட் வந்துடுச்சு, மீதியை நம்ம ஆள் பார்த்துப்பார், பணத்தையும் அவர்கிட்டயே கொடுத்துடுங்க" என்கிறார். அதற்குச் சம்மதம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார். புது ஆள் போட்ட சன்ஷேடின் அடியில் கம்பி பல்லைக் காட்டுகிறது. கம்பி கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்க அடியில் வைக்கும் கவர் பிளாக்கே வைக்கவில்லை. நம்ம ஊர் உப்புக் காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

நான் படித்தவரை, பணம் வாங்கும் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். வேலையை முடிக்கும் கடமையை நம் சம்மதம் இல்லாமல் தள்ளிவிட முடியாது. 1962-இல் கர்தா கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. சப்-காண்டிராக்ட் விட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் பழையவர்தான். சரி, ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு உறுத்துகிறது: மூன்றாம் ஆள் நிறைவேற்றியதை நாம் ஏற்றுக்கொண்டால், அப்புறம் முதல் ஆளைக் கேட்க முடியாது. கையெழுத்துப் போட்டால் 62-ஆம் பிரிவின்படி புது ஒப்பந்தமாகவே ஆகிவிடும் என்றும் பயம்.

புது ஆளுக்கு ஒரு தவணை ஜிபேயில் போயிருக்கிறது. அதுவே ஏற்றுக்கொண்டதாகிவிடுமா? பணத்தை அவரிடம் தருகிறோம், பொறுப்பு உங்களுடையதே என்று பழையவருக்குப் பதிவுத் தபால் அனுப்பினால் போதுமா? கடலூர் கோர்ட்டில் சிவில் பார்க்கும் வக்கீல்கள் யாராவது இருந்தால் வாசகம் சொல்லுங்கள். அண்ணன் சண்டை வேண்டாம் என்று பேனாவை எடுத்துவிடுவார், அதான் அவசரம்.